மைமூனா வீட்டுச் சட்டம்

"தூங்கிட்டியா?" என்று நடு ராத்திரியில் மைமூனாவின் புருஷன் இக்ஸான் கேட்பான். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் தூக்கம் போய்விடும். பதில் சொல்லாவிட்டால் தோளைத் தட்டி இன்னொரு தடவை கேட்பான். தலையணையால் அவன் முகத்தை ஒரே அமுக்காக அமுக்கிவிடலாமா என்று மைமூனாவுக்குப் பல ராத்திரிகள் தோன்றியதுண்டு. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவள், எறும்பைக் கூட ஊதித் தள்ளிவிட்டு நடப்பவள். அவளுக்கே அப்படித் தோன்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வராததற்கு அவன் சொல்லாத காரணம் இல்லை. முதலில் பக்கத்து வீட்டு நாய். அப்புறம் தலையணை. புதுத் தலையணை வாங்கிக் கொடுத்தாள். அது கழுத்தைப் பிடித்துக்கொண்டது என்றான். பிறகு பௌர்ணமி நிலா. பௌர்ணமி தேய்ந்து அமாவாசையும் வந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. கடைசியில் பழி மைமூனாவின் குறட்டை மேல் விழுந்தது.

"நீ விடுற குறட்டையில இந்த ஏத்லோன் பேட்டையே முழிச்சுக்கும்."

"தூங்கினாத்தானே குறட்டை விட? நீ எங்க என்னைத் தூங்க விட்ட?"

ஜாதிக்காய் உரசிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, இனிப்பு கம்மி என்றான். கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். அதற்கு மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிளக் இந்தப் பக்கம்தான் இருக்கிறதாம்.

ராத்திரி வராத தூக்கம் பகலில் கண்ட இடத்திலெல்லாம் வந்தது. இக்ஸான் வீடு வீடாகப் போய் டைல்ஸ் பதிப்பவன். ரோன்டபாஷில் ஒரு பெரிய வீட்டுக் குளியலறையில் வேலை. பசை காயட்டும் என்று புதுக் குளியல் தொட்டிக்குள் சற்றுச் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போய்விட்டான். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து பார்த்து, தொட்டிக்குள் பிணம் கிடக்கிறது என்று தெருவுக்கே ஓடிவிட்டாள். மைமூனா மட்டும் என்ன, ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கூசிஸ்டர் என்கிற இனிப்பு உருண்டை சுட்டு விற்பவள், பொரித்த உருண்டைகளைப் பாகில் போட மறந்து வெறும் தேங்காய்த் துருவலில் புரட்டிக் கொடுத்தனுப்பினாள். வாங்கிப் போனவர்கள் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். அத்தனை பேரிடமும் அவள் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. இக்ஸான் அதற்கும் அவளைத்தான் குறை சொன்னான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டு கையை விட்டுப் போய்விடும் போல இருந்ததுதான் அவளை அரித்தது.

கேப் டவுனில் வருஷா வருஷம் மலாய்ப் பாட்டுக் குழுக்களுக்குப் போட்டி நடக்கும். குழு முழுவதும் ஒரே மாதிரி கோட்டும் சிவப்புத் துருக்கித் தொப்பியும் போட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் முன்னால் நின்று பழைய டச்சுப் பாட்டை எடுத்துக் கொடுப்பான். அவன் குரலை வளைத்து நெளித்து பிர்கா விழப் பாடவேண்டும். நடுவர்கள் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இக்ஸான் அவனுடைய குழுவில் இருபது வருஷமாக அந்த முன்பாட்டுக்காரன். போன வருஷம் பாட்டின் உச்சத்தில், நீளமாக ஒரே மூச்சில் போகவேண்டிய இடத்தில், மூச்சு அறுந்து இருமல் வந்துவிட்டது. மாடியில் உட்கார்ந்திருந்த மைமூனாவின் காதில் அந்த இருமல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் குடிப்பவனுக்கு மூச்சு எங்கிருந்து வரும்?

வீட்டுக்குள் புகை கூடாது என்பது மைமூனா கல்யாணமான புதிதிலேயே போட்ட சட்டம். இக்ஸான் எத்தனை பெரிய பாட்டுக்காரனாக இருந்தாலும் சிகரெட் பிடிக்கக் கொல்லைக்குத்தான் போகவேண்டும். துணிக்கொடிக்குக் கீழே நின்று, தென்கிழக்குக் காற்றில் அணைந்து அணைந்து போகிற தீக்குச்சியோடு மல்லுக்கட்டிவிட்டு, ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு கடைசியாக ஒன்று இழுத்துவிட்டு வந்து படுப்பான். படுத்தால் காலையில்தான் எழுந்திருப்பான். இப்போது நினைத்தால் அது பொற்காலம்.

அந்த இருமலுக்குப் பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபடி மைமூனாதான் அவனுக்கு வேப் என்கிற பேட்டரி சிகரெட்டை வாங்கிக் கொடுத்தாள், புதினா வாசனையில். சிகரெட்டை அவன் விட்டே விட்டான். அதில் பொய் இல்லை. ஒரு மாதத்தில் இருமல் நின்றது. குரல் தெளிந்தது. மைமூனாவுக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்திருந்த அவன் குழுவினர் எல்லார் முன்னாலும் சட்டத்தை ரத்து செய்துவிட்டாள்.

"இது புகையே இல்ல, ஆவி. நாறவும் இல்ல. இனிமே காத்துல போய் நிக்க வேணாம். கட்டில்ல படுத்துக்கிட்டே இழுத்தாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

இந்தப் பேச்சை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் மறந்துபோனாள்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது குழுவின் தலைவர் சாலி வீட்டுக்கு வந்தார். வெள்ளைத் தாடி, அளந்து பேசுகிறவர். டீயை வாங்கி ஊதிக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"மைமூனா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதம்மா. நேத்து ஒத்திகையில உன் வீட்டுக்காரன் தூங்கிட்டான்."

"களைப்பா இருந்திருக்கும், அண்ணே."

"உக்காந்துக்கிட்டுத் தூங்கினாலும் பரவாயில்லம்மா. நின்னுக்கிட்டே தூங்கினான். நாங்க எல்லாரும் பதில் பாடிட்டு அவன் எடுக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம். தொப்பி கழண்டு உருண்டு செல்லோக்காரன் காலடிக்குப் போயிடுச்சு, இவன் அசையல."

இக்ஸான் சுவரைப் பார்த்தான்.

"அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றார் சாலி. "அன்னிக்கும் இப்படித்தான்னா சுபைர் பாடுவான். அவன் சின்னப் பையன்தான், பிர்கா இன்னும் சரியா விழல. ஆனா முழிச்சுக்கிட்டிருக்கான்."

அவர் போனதும் இக்ஸான் வாய் திறந்தான். "முப்பது வருஷப் பழக்கம். கடைசியில தூங்கிட்டேன்னு குத்தம் சொல்றாரு பாரு."

"ராத்திரி தூங்குறதுக்கென்ன கேடு உனக்கு?"

"வந்தாத் தூங்கமாட்டேனா? வேணும்னே முழிச்சுக்கிட்டிருக்கேனா?" என்றவன் பையிலிருந்து வேப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துப் புதினா மேகத்துக்குள் மறைந்துகொண்டான்.

சாலி வந்து போன செய்தி இக்ஸானின் அக்கா கலீமாவின் காதுக்கு எட்ட ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. சாம்பிராணிப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். யாரோ வெச்சிருக்காங்க."

"என்ன வெச்சிருக்காங்க, மதினி?"

"மருந்துதான். செய்வினை. பெருநாளைக்கு மறுநாள் ஃபக்ரோதீன் வீட்டுக்கு ஓதுறதுக்குப் போனீங்கல்ல? திரும்பி வரும்போது பரக்கத்துன்னு தட்டுல பலகாரம் கட்டிக் கொடுத்தாங்கல்ல? அதைக் கொண்டுவந்து எங்க வெச்ச?"

விருந்துக்குப் போனால் வெறுங்கையோடு யாரையும் அனுப்பமாட்டார்கள். தட்டு நிறையப் பலகாரம் கட்டிக் கொடுப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள மரியாதை. ஃபக்ரோதீன் முன்பு இக்ஸானின் குழுவில் இருந்தவன், போன வருஷம் எதிர்க் குழுவுக்குத் தாவி அங்கே முன்பாட்டுக்காரன் ஆகிவிட்டவன். அவன் வீட்டுப் பலகாரத்தை மைமூனாதான் சமையல்கட்டில் நின்றபடியே தின்று தீர்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு ஏன் ஆகப்போகுது? பேர் சொல்லித்தானே வெப்பாங்க," என்றாள் கலீமா. "பொட்டலம் மெத்தைக்குள்ள இருக்கும். எங்க தெரு கம்பளிக்காரி வீட்டுல அப்படித்தான் கெடச்சுது."

மைமூனாவுக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. இமாம் கேட்டால் திட்டுவார் என்றும் தெரியும். ஆனால் இக்ஸானின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருந்தது. குற்றம் நாய் மேலும் இல்லை, நிலா மேலும் இல்லை, தன் மேல் துளியும் இல்லை, ஃபக்ரோதீன் மேல். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் தூங்காத ஆத்திரம் எல்லாம் சேர்ந்துகொண்டது. சமையல்கட்டுக்குப் போய் ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மைமூனா, என்ன பண்ற?" என்றான் இக்ஸான். கத்தியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"மெத்தைக்குள்ளதானே இருக்கு? பாத்துடுவோம்."

நெடுக ஒரு கீறு, குறுக்கே ஒரு கீறு. நல்ல மெத்தை, போன வருஷம் வாங்கியது. பஞ்சு வந்தது, ஸ்பாஞ்சு வந்தது, சுருள் கம்பிகள் வந்தன. பொட்டலம் வரவில்லை. கலீமா ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து முகர்ந்து பார்த்து ஓதினாள்.

"கட்டிலுக்குப் பின்னாடி பாக்கணும்," என்றாள் கடைசியில்.

"அங்க ஒண்ணும் இருக்காது," என்றான் இக்ஸான்.

மைமூனா கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சுவரோரத்து இருட்டில் நீலமாக ஒரு கண் விட்டு விட்டுச் சிமிட்டியது. கலீமா வீலென்று கத்திவிட்டு ஆயத்துல் குர்ஸியை உரக்க ஓத ஆரம்பித்தாள். மைமூனா குனிந்து கையை விட்டு எடுத்தாள். சார்ஜரில் மாட்டியிருந்த வேப். அதற்குக் கீழே, வேப்பில் ஊற்றுகிற திரவத்தின் காலிக் குப்பிகள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. தூசியோடு தூசியாகக் குவிந்து கிடந்தன. வாரி எடுக்க இரண்டு கை போதவில்லை.

"இது என்ன?"

"தெரியலையா? வேப்."

"வாரத்துக்கு ஒண்ணுதான் ஆகும்னு சொன்ன."

"பகல்ல ஒண்ணுதான் ஆகும்," என்றான் இக்ஸான். "ராத்திரி முழிப்பு வரும்போது சும்மா ரெண்டு இழுப்பு. தூக்கம் வரட்டும்னுதான்."

"எத்தனை தடவை முழிப்பு வரும்?"

"அது வந்துக்கிட்டேதான் இருக்கு. அதானே நான் இத்தனை நாளா உங்கிட்டச் சொல்றேன்."

மைமூனா ஸ்பாஞ்சுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. எரிந்து விரலைச் சுட்டால் போட்டுவிட வேண்டும். இன்னொன்று வேண்டுமென்றால் எழுந்து, செருப்பை மாட்டி, நாய் குரைக்க, காற்றில் போய் நிற்கவேண்டும். இக்ஸானைப் போன்ற சோம்பேறி அதற்குப் பதிலாகத் தூங்கிவிடுவான். முப்பது வருஷம் அவனைத் தூங்க வைத்தது அவள் போட்ட சட்டம். அதை அவளே எடுத்துவிட்டாள். கட்டிலில் படுத்துக்கொண்டு இழு என்று சொன்ன வாய் அவளுடைய வாய்தான். அவளுக்கு அந்த நேரத்தில் யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

"ஏன் இக்ஸான், காபி குடிச்சா முழிப்பு வரும்னு சாயங்காலத்துக்கு மேல நீ காபியே தொடமாட்டியே. இதுல இருக்குறது நிக்கோட்டின். இதுவும் முழிக்க வைக்கிற சாமான்தானே? நர்ஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"படுக்குற நேரத்துல வேணாம்னு சொன்னா," என்றான். "நான் படுக்குற நேரத்துல இழுக்கல. படுத்ததுக்கு அப்புறம்தான்."

கலீமா ஓதுவதை நிறுத்திவிட்டாள். "இதுக்குள்ள ஃபக்ரோதீன் எதையாவது கலந்திருப்பானோ?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே கொல்லைச் சுவரில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், மைமூனா ஒரு ஆணி அடித்தாள். சூரியன் மறைந்து மக்ரிபு ஆனதும் வேப் அந்த ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கவேண்டும். இஷாவுக்குப் பிறகு ஒரு தடவை, அங்கேயே நின்று, அவ்வளவுதான். பழைய சட்டம் திரும்ப வந்துவிட்டது.

முதல் சில நாட்கள் வீட்டில் மனிதர் இருக்கமுடியவில்லை. சோற்றில் உப்பு என்றான், டீயில் சூடில்லை என்றான். தைத்து ஒட்டிய மெத்தை முதுகில் குத்துகிறது என்றான்; அது உண்மையாகவே குத்தியது. "ஒரு ஆணியை அடிச்சு மனுஷனை நாய் மாதிரி கட்டிப்போட்டிருக்க," என்றான். "நாய் இப்படிப் பேசாது," என்றாள் மைமூனா. பிறகு ஒரு ராத்திரி அவன் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனான். வியாழக்கிழமை ஒத்திகையில் தொப்பி தலையிலேயே இருந்தது. சாலி சரி என்று தலையை ஆட்டினார். சுபைர் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மைமூனா இப்போதாவது தூங்கினாளா என்று கேட்கிறீர்களா? இல்லை. இக்ஸான் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவானோ என்று கதவுத் தாழ்ப்பாளின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்துக்கிடந்தாள். பக்கத்தில் அவன் மரக்கட்டை மாதிரி தூங்கினான். அவள் ஆணிக்குக் காவல் இருந்தாள். போட்டி முடிகிற வரைக்கும்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

போட்டி சனிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. மண்டபத்தின் மாடியில் பெண்கள் சமோசா டப்பாக்களும் ஃபிளாஸ்க்குகளுமாக இடம் பிடித்திருந்தார்கள். மைமூனா கலீமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு குழு போய் ஒரு குழு வந்தது. ஃபக்ரோதீன் பாடினான், நன்றாகவே பாடினான், அதைக் கேட்டுக் கலீமா பல்லைக் கடித்தாள். அடுத்து இக்ஸானின் குழு மேடை ஏறியது. மாண்டலின் ஆரம்பித்தது. இக்ஸான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து, மாடியைப் பார்த்து, காதோரம் கையை வைத்தான். ஒரு வருஷமாக மைமூனா இந்த நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தாள். அவன் முதல் அடியை எடுத்தான். குரல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அப்பாடா என்று அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

அவள் மறுபடி கண்ணைத் திறந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தலை கலீமாவின் தோளில் இருந்தது.

"முடிஞ்சுடுச்சா?"

"முடிஞ்சுடுச்சு. நம்ம குழுதான் ஜெயிக்கும்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

"ஏன் மதினி எழுப்பல?"

"எழுப்பினேன். நீ எழுந்திரிக்கல," என்றாள் கலீமா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மைமூனா, உனக்கும் யாரோ வெச்சிருக்காங்க."

சட்டம் போட்டது அவள், மெத்தையைக் கிழித்தது அவள், தூக்கத்தைத் தொலைத்தது அவள். பாட்டை மட்டும் ஊரே கேட்டுவிட்டது.

வண்டி நிறுத்துமிடத்தில் இக்ஸான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வெளிச்சம்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அந்த எடம்?"

"நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்லாத. முன்னால நிக்கிறவனுக்கு மாடி முழுக்கத் தெரியும். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கின."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் திட்டட்டும் என்று இருந்தாள்.

"முதல்ல எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு," என்றான் இக்ஸான். "அப்புறம் அந்த எடம் வந்துச்சு. போன வருஷம் அங்க தொண்டை கிழியக் கத்தித்தான் மூச்சு போச்சு. பாவம், இவ தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தோணுச்சு. எழுப்பிடக் கூடாதுன்னு மெல்ல எடுத்தேன். மெல்ல எடுத்ததுல மூச்சு மிச்சம் இருந்துச்சு. முழு அடியும் ஒரே இழுப்புல போயிட்டேன். சாலி அண்ணன் அழுதுட்டாரு."

மைமூனாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"அப்ப என்னை எழுப்பாம இருக்க உனக்குத் தெரியும்."

"என்ன?"

"தெரியும் உனக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான் ராத்திரி ராத்திரி தோளைத் தட்டித் தூங்கிட்டியான்னு கேட்டிருக்க."

இக்ஸானின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. திரும்ப ராத்திரி ஆகும் என்று மைமூனா மத்தியானமே வேப்பை வீட்டு ஆணியில் மாட்டவைத்தது ஞாபகம் வந்து வெறுங்கையாக வெளியே வந்தது.

"வண்டியை எடு," என்றாள் மைமூனா. "வீடு போற வரைக்கும் பாடு. முதல்லேர்ந்து. மெல்ல இல்ல, நல்லாக் கத்திப் பாடு."

அவன் பாடினான். சிக்னலில் நின்ற வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். அந்த இடம் வந்தபோது மைமூனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏத்லோன் வரும்வரை அவள் கண்ணை மூடவில்லை.